மூளிக்காது ஒட்டகம்

முழங்கை வரை மாவு அப்பிய கையோடு நோன்னா மண்சுவரில் எக்கிப் பார்த்தாள். கால்வாய் வளைவில் இன்னும் படகு தெரியவில்லை. சத்தம் மட்டும் முந்திக்கொண்டு வந்துவிட்டது. முரசு, கைத்தட்டல், நடுநடுவே "ஆபா மேனா! ஆபா மேனா!" என்று தொண்டை கிழியக் கூப்பாடு. புனிதர் ஆபா மேனாவின் திருவிழாவுக்குப் போனவர்கள் திரும்புகிறார்கள். பதினாறு நாளாக அவள் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தது இந்தச் சத்தத்துக்காகத்தான்.

"வந்துட்டாங்க! ஏங்க, வந்துட்டாங்க!"

"கண்ணுதான் போச்சு. காது இருக்கு," என்றார் சரபாமோன் உள்ளேயிருந்து. "நீ போடுற சத்தத்துல அதுவும் போயிரும் போலிருக்கு."

அவள் சிரித்துக்கொண்டே உள்ளே ஓடினாள். பேரீச்ச மட்டைக் கட்டிலில் அவள் புருஷன் சாய்ந்து கிடந்தார். வயிறு பானையாக உப்பியிருந்தது. கால் வீங்கிப் பளபளத்தது. மகோதரம். முந்தாநாள் கோவில் சாமியார் வந்து நற்கருணை கொடுத்துவிட்டு, வாசலில் அவளைத் தனியாக அழைத்து, "இன்னும் ஒரு நாள். மிஞ்சிப்போனா ரெண்டு," என்றார். நோன்னா தலையாட்டினாள். நம்பவில்லை. உப்பளத்துக்காரன் மனைவி எட்டு மாதம் படுக்கையில் கிடந்தவள், ஆபா மேனாவின் மந்திரித்த ரொட்டியில் ஒரு துண்டு தின்றுவிட்டு எழுந்து போய் ஆடு கறந்தாளே, அதைச் சாமியார் பார்த்தாரா? இந்தக் கால்வாய்க்கரை முழுக்கப் பார்த்தது.

"போய்த் துறையிலயே வாங்கிட்டு வந்துரட்டா?" என்றாள்.

"நீ போயிட்டா எனக்கு மூச்சு முட்டும்போது யாரு முதுகைத் தூக்குவா? பெசா கொண்டு வருவான். அவனுக்கு வழி தெரியாதா?"

பெசா சரபாமோனின் தம்பி. முப்பது வயது, நல்ல மனசு, ஓட்டை வாய். இந்த வருஷம் ரொட்டி முழுசாக வீட்டுக்கு வந்தாக வேண்டும் என்று நோன்னா அவனிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். ஏனென்றால் முழு ரொட்டி ஊருக்குள் வந்து யாரும் பார்த்ததில்லை. யாத்திரை போய் வந்தவரிடம் மந்திரித்த ரொட்டியில் ஒரு கிள்ளு கேட்டால், இல்லை என்று சொல்லக்கூடாது. சொன்னால் ஆசீர்வாதம் வந்த வழியே திரும்பிப் போய்விடும். அதனால் எத்தனை ரொட்டி புறப்பட்டாலும் வீட்டுக்கு வருவது துணியில் ஒட்டிய தூள்தான். கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் நோன்னா அந்தத் தூளைத்தான் நாக்கால் தொட்டிருக்கிறாள்.

நோன்னாவுக்கு வேண்டியது புருஷன் எழுந்து நடப்பது. சரபாமோனுக்கு வேண்டியது வேறு, ஓர் ஒட்டகத்தின் காது.

கண் மங்குவதற்கு முன்னால் பன்னிரண்டு வருஷம் புனிதரின் ஊரில் ரொட்டி அச்சு வெட்டியவர் அவர். உள்ளங்கை அகல மர அச்சு. நடுவில் ஆபா மேனா கை விரித்து நிற்பார், காலடியில் பக்கத்துக்கொன்றாக இரண்டு ஒட்டகம் மண்டியிட்டிருக்கும். முதல் வருஷம் திருவிழா நெருக்கடியில், ரொட்டியில் இடப்பக்கம் விழ வேண்டிய ஒட்டகத்தின் காது முடியுமுன் தலைமை ரொட்டிக்காரர் அச்சைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார். ரொட்டியெல்லாம் மூளிக்காது ஒட்டகத்தோடு வெந்து வந்தது. யாரும் குறை சொல்லவில்லை. சரபாமோன் பிறகு எத்தனையோ அச்சு நேர்த்தியாக வெட்டினார். ஆனாலும் அந்த மூளிதான் அவருக்குச் செல்லப்பிள்ளை. அது இன்னும் அந்த அடுப்படியில் மாவில் விழுகிறதா, இல்லை, விறகாகப் போய்விட்டதா? சாகுமுன் ஒருதரம் விரலால் தொட்டுப் பார்த்துவிட வேண்டும் என்பார். அவர் அச்சுக்கதையைத் தொடங்கினால் முடிக்க மாட்டார். நோன்னா பருப்பில் கல் பொறுக்கிக்கொண்டே பாதி கேட்பாள், பாதி கேட்க மாட்டாள்.

சத்தம் இப்போது துறையை விட்டுத் தெருவுக்கு ஏறிவிட்டது. "கேளுங்க, கேளுங்க! எப்படிக் கும்மாளம் போடுறாங்க பாருங்க!" என்று அவள் அவர் தோளைப் பிடித்து உலுக்கினாள். அவரும் பல் தெரியச் சிரித்தார். கூட்டம் மெல்ல, மிக மெல்ல நகர்ந்து வந்தது. ஒவ்வொரு வாசலிலும் நின்றது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஓர் ஆரவாரம் எழுந்தது. நோன்னாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. அந்த ஆரவாரம் எதனால் என்று அவள் யோசிக்கவேயில்லை.

பெசா முற்றத்துக்குள் வந்தபோது வெயிலில் கறுத்து, தொண்டை கட்டி, பல்லெல்லாம் தெரிய நின்றான். கழுத்தில் கயிற்றில் ஒரு சிறிய மண்குடுவை தொங்கியது.

"மதினி! கூட்டம்னா கூட்டம், அப்படி ஒரு கூட்டம்! நொண்டி ஒருத்தன் என் கண்ணு முன்னாலயே கட்டையத் தூக்கி எறிஞ்சுட்டு..."

"ரொட்டி எங்க?"

"...எறிஞ்சுட்டு ஓடுறான் மதினி, ஓடுறான்!"

"பெசா. ரொட்டி."

அவன் சிரிப்பு மெல்ல வடிந்தது. மடியிலிருந்து ஒரு துணியை எடுத்து விரித்தான். தூள் இருந்தது. ஓர் எறும்பும் இருந்தது.

"நான் காட்டவே இல்ல மதினி. சத்தியமா மடிக்குள்ளதான் வச்சிருந்தேன். படகு கரையேறும்போது, இதுல என் அண்ணன் வெட்டின அச்சு விழுந்திருக்குன்னு ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னேன். அவ்வளவுதான், வாசலுக்கு வாசல் மொய்ச்சிட்டாங்க. மாசமா இருக்கிறவ கேக்குறா, கைப்பிள்ளைக்காரி கேக்குறா. இல்லேன்னு சொல்லலாமா? நீங்களே சொல்லுங்க."

"ஊருக்கெல்லாம் அள்ளிக் குடுத்துட்டு அண்ணனுக்கு எறும்பைக் கொண்டாந்தியா? கூறுகெட்ட மனுஷா! ஒரு வார்த்தையாம், ஒரு வார்த்தை! உன் வாயைத் தச்சுப் படகேத்தியிருக்கணும்டா நான்!" கோபத்தில் அவளுக்கு அழுகை வந்தது. சத்தம் உள்ளே போய்விடக் கூடாதென்று மாவுக் கையாலேயே வாயைப் பொத்திக்கொண்டாள். "காதாவது பார்த்தியா? ஒட்டகத்துக்குக் காது மூளியா இருந்துச்சா?"

"பாக்கலையே மதினி. தள்ளுமுள்ளுல வாங்கி மடியில போட்டதுதான்."

"எல்லாத்தையும் தின்னுட்டாங்களா?"

"அங்கயே வாயில போட்டுக்கிட்டாங்க."

உள்ளேயிருந்து, "தம்பி வந்துட்டானா?" என்று குரல் வந்தது. "அந்தப் பயலை உள்ள அனுப்பு. ரொட்டி இருக்கட்டும், முதல்ல ஆளைத் தொட்டுப் பாக்கணும்."

நோன்னா அவன் கழுத்திலிருந்த குடுவையையே பார்த்துக்கொண்டிருந்தாள். புனிதரின் கல்லறை மேலே எரியும் விளக்கின் எண்ணெய் அதில் இருந்தது. அதன் வயிற்றில் ஆபா மேனா கை விரித்து நின்றார். காலடியில் இரண்டு ஒட்டகம். உள்ளங்கை அகலம். அவள் திரும்பித் தொட்டியைப் பார்த்தாள். மாவு பொங்கி வந்திருந்தது.

"கழட்டு," என்றாள்.

"எதுக்கு?"

"கழட்டுங்கிறேன்ல. எண்ணெயைக் கிண்ணத்துல ஊத்தி அண்ணன் காலுல தேய். திருவிழாக் கதையெல்லாம் சொல்லு. நொண்டி ஓடினதை நாலு தடவை ஓடவிடு. ரொட்டியைப் பத்திக் கேட்டா, நசுங்கியிருந்துச்சு, மதினி அனல்ல காட்டிக் கொண்டாறான்னு சொல்லு."

அவனுக்குப் புரிய ஒரு கணம் ஆயிற்று. புரிந்ததும் முகம் வெளுத்தது. "பாவம் மதினி! ஆபா மேனா பேரால..."

"குடுவை கல்லறையைத் தொட்டுச்சா?"

"தொட்டுச்சு. நானே வச்சு எடுத்தேன்."

"இப்ப மாவு குடுவையைத் தொடப்போகுது. இதுல பாவம் எங்க வந்துச்சு? நம்ம ஊரு அடுப்புல வெந்தா மட்டும் ஆபா மேனா ஏத்துக்க மாட்டாரா? போ."

எண்ணெய் வடித்த குடுவையைத் துடைத்தாள். இருக்கிற மாவில் வெள்ளையான பகுதியைக் கிள்ளி, தட்டி, குடுவையின் வயிற்றை அதன்மேல் வைத்து அழுத்தினாள். எடுத்தபோது புனிதர் அச்சாக விழுந்திருந்தார். முகம், விரித்த கை, கீழே இரண்டு ஒட்டகம். நோன்னாவுக்கு வாய்விட்டுக் கூவ வேண்டும் போலிருந்தது. ஆனால் இந்த ஒட்டகத்துக்குக் காது முழுசாக இருந்தது. ஒரு சிட்டிகை மாவை நனைத்து, இடப்பக்க ஒட்டகத்தின் காது நுனியில் வைத்து ஈர விரலால் தடவி மழுக்கினாள். மூளி. இப்போது சரி. உள்ளேயிருந்து பெசா சொல்லுவதும் அவள் புருஷன் இருமி இருமிச் சிரிப்பதும் கேட்டது. நொண்டி மூன்றாம் தடவை ஓடிக்கொண்டிருந்தான்.

ரொட்டி வெந்து ஆறும் வரை அவளால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை.

உள்ளே கொண்டுபோனபோது பெசா எழுந்து சுவரோரம் போய் நின்றுகொண்டான். நோன்னா கட்டில் தலைமாட்டில் உட்கார்ந்து, புருஷனின் முதுகைத் தன் மாரில் சாய்த்துக்கொண்டு, ரொட்டியை அவர் கையில் வைத்தாள்.

"முழுசாவா?" என்றார் அவர்.

"முழுசா. ஒரு கிள்ளு போகல."

சரபாமோன் இரண்டு கையாலும் அதை ஏந்தினார். முகர்ந்தார். நெற்றியில் வைத்துக்கொண்டார். பிறகு வலது கட்டைவிரல் விளிம்பிலிருந்து உள்ளே நகர்ந்தது. புனிதரின் தலையில் வந்து நின்றது. நின்றதோடு சரி. வெகுநேரம் அசையவில்லை. பெசா மூச்சு விடுவது நோன்னாவுக்குக் கேட்டது. தன் நெஞ்சடிப்பு அவர் முதுகில் இடித்து அவருக்கும் கேட்டுவிடுமோ என்று பயந்தாள்.

"என்னங்க?"

கட்டைவிரல் மறுபடி நகர்ந்தது. கை வழியாக இறங்கி, இடப்பக்கம் திரும்பி, ஒட்டகத்தின் முதுகு, கழுத்து, தலை. காது. அங்கே போனதும் முன்னும் பின்னும் இரண்டு மூன்று தரம் தடவினார். அவருடைய வற்றிய முகத்தில் மெதுவாக ஒரு மாற்றம் வந்தது. உதடு துடித்தது. பார்வையில்லாத கண்ணில் நீர் கோத்தது.

"மூளிதான்," என்றார்.

"மூளியா!" நோன்னா துள்ளினாள். "அப்ப உங்க அச்சுதானே? இன்னும் ஓடுதுல்ல?"

"இந்தக் காதை இப்படிப் பண்ண உலகத்துல ஒரே ஒரு ஆளாலதான் முடியும் நோன்னா."

பெருமையில் அவள் பெசாவைத் திரும்பிப் பார்த்தாள். பெசா சுவர்ப்பக்கம் திரும்பி மூக்கைச் சிந்தினான்.

சரபாமோன் ரொட்டியின் வலப்பக்கத்தைப் பிய்த்து வாயில் போட்டு வெகுநேரம் மென்றார். இரண்டு நாளாகக் கஞ்சித்தண்ணீர்கூட இறங்காத தொண்டையில் அது இறங்கியது. "உப்பு ஒரு கல்லு கூடிப்போச்சு," என்றார்.

"அங்க... அங்க அப்படித்தான் போடுறாங்க போல."

"போடட்டும், போடட்டும். எனக்கு இந்தக் கை உப்பு பழகினதுதான்." இன்னொரு துண்டைப் பிய்த்து, தடவித் தடவி அவள் வாயைக் கண்டுபிடித்து ஊட்டினார். "நீயும் தின்னு. முழு ரொட்டியை நீ எங்க பாத்திருக்க?" பெசாவுக்கும் ஒரு கிள்ளு கொடுத்தார். இடப்பக்க ஒட்டகம் இருந்த பாதியை மட்டும் தராமல் நெஞ்சோடு வைத்துக்கொண்டார். "இது இருக்கட்டும். அப்புறம் தின்னுக்கிறேன். கொஞ்சம் தூக்கம் வருது."

தின்றார்! மூன்று வாய் தின்றார்! நோன்னா முற்றத்துக்கு ஓடி, சுவரில் எக்கி, தெருவில் போனவர்களிடமெல்லாம் கூவினாள். "சாப்பிட்டாரு! மூணு வாய்! உப்பு கூடன்னு குறை வேற சொன்னாரு!" கூட்டம் கூடிவிட்டது. யாரோ முரசைத் தட்டினார்கள். பெண்கள் நாக்கைச் சுழற்றிக் குலவையிட்டார்கள். எதிர்வீட்டுத் தெக்லா மட்டும் தன் வாசலில் நின்றபடி, "குறை சொன்னா பிழைச்சுக்குவாரு. குறை சொல்ற ஆம்பளையைச் சாவுகூடத் தொடாது," என்றாள். தெக்லா நல்ல வார்த்தை சொல்லிக் கேட்டதே அன்றுதான். நோன்னா சிரித்தாள், அழுதாள், வந்தவர்களுக்கெல்லாம் பேரீச்சம்பழம் எடுத்து நீட்டினாள். நாளைக்கு அவரைத் திண்டில் சாய்த்து உட்கார வைக்கலாம். ஒரு வாரம் கழித்துக் கோவில் வரை நடத்தலாம். அடுத்த வருஷம், பிழைத்துக் கிடந்தால், படகிலேயே ஏற்றிவிடலாம்.

வெயில் சாய, வெந்நீர் எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அவர் அப்படியே கிடந்தார். அரை ரொட்டி நெஞ்சின் மேல் இருந்தது. கட்டைவிரல் ஒட்டகத்தின் காதில் இருந்தது. நெஞ்சு ஏறவுமில்லை, இறங்கவுமில்லை.

வெளியே முரசு இன்னும் அடித்துக்கொண்டிருந்தது.

மறுநாள் காலை, குளிப்பாட்டி முடித்து உப்புத் தூவிய துணியில் அவரைக் கிடத்தியிருந்தார்கள். உறவுப் பெண்கள் இருவர் நீளத் துணிப்பட்டையைக் காலிலிருந்து சுற்றிக்கொண்டு வந்தார்கள். நோன்னா தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். அழுது ஓய்ந்திருந்தாலும் ஒரு நினைப்பு மட்டும் விடவே மாட்டேன் என்றது. பொய் ரொட்டி கொடுத்துவிட்டோம். அதனால்தான் பிழைக்கவில்லை. பாவி, சாகப்போகிற குருடனை ஏமாற்றிவிட்டோம்.

தெக்லா வந்தாள். எப்போதும் வாசலிலேயே நின்று பேசுகிறவள், நேரே உள்ளே வந்து பக்கத்தில் குத்தவைத்தாள். முந்தானை முடிச்சை அவிழ்த்தாள்.

"நேத்து தெருவுல பெசாகிட்ட எல்லாரும் கிள்ளும்போது நானும் கைய விட்டேன். கொஞ்சம் பெருசா வந்துருச்சு," என்றாள் குரல் தாழ்த்தி. "எங்க கோழி ரெண்டு மாசமா முட்டை வைக்கல. அதுக்குக் குடுக்கலாம்னு முடிஞ்சு வச்சேன். இவரு மூணு வாய் சாப்பிட்டாருன்னு நீ கூவினப்பவே எனக்குத் தெரியும், அந்த ரொட்டி எங்கிருந்து வந்துச்சுன்னு. அப்பவே குடுத்திருக்கணும். என் புத்தி கோழிப் புத்தி. இந்தா. அவரு கையில வை."

நோன்னா அந்தத் துண்டை வாங்கினாள். காய்ந்து இறுகிய ரொட்டி. அதில் ஓர் ஒட்டகம் மண்டியிட்டிருந்தது. இடப்பக்க ஒட்டகம். காது மூளி.

"இருக்கு!" என்று அந்தத் துக்க வீட்டில் அவள் போட்ட சத்தத்தில் துணி சுற்றியவர்கள் திடுக்கிட்டு நிமிர்ந்தார்கள். "ஏங்க, இருக்கு! உங்க அச்சு இருக்கு!" குனிந்து அவர் காதருகே, கேட்கிறவரிடம் சொல்வதுபோல் சொன்னாள். சொல்லிக்கொண்டே, அவர் எப்படித் தடவியிருப்பாரோ அப்படி, கட்டைவிரலால் ஒட்டகத்தைத் தடவினாள். விரல் முட்டி ஏறியது. முதுகு மேடாக இருந்தது. கழுத்து மேடு. காது மேடு. ஒட்டகம் ரொட்டிக்கு மேலே எழுந்து நின்றது.

அவள் விரல் நின்றுவிட்டது.

அவர் நெஞ்சருகே இருந்த அரை ரொட்டியை எடுத்தாள். தடவினாள். ஒட்டகம் உள்ளே அமுங்கிக் கிடந்தது, பள்ளமாக. படம் மேடாக இருந்த குடுவையை மாவில் அழுத்தினால் வேறென்ன விழும்? அப்போது கேட்காத பாதி இப்போது கேட்டது. நூறு தடவை அவர் சொன்னது, அவள் பருப்பில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தபோது: "நாங்க பள்ளம் வெட்டினாத்தான் நோன்னா, ரொட்டியில மேடு எழும்பும்."

புனிதரின் தலையிலேயே அவர் விரல் நின்றது. அங்கேயே தெரிந்துவிட்டது. தெரிந்தபிறகுதான் காதுவரை போனார். மூளிதான் என்றார். ஒரே ஒரு ஆளாலதான் முடியும் என்றார். உப்பு கூட என்று சொல்லிவிட்டு அவளுக்கு ஊட்டினார்.

"என்னடி?" என்றாள் தெக்லா. "ஏன் அப்படிப் பாக்குற?"

"ஒண்ணுமில்லக்கா."

கால்மாட்டில் துணி சுற்றிக்கொண்டிருந்தவர்களில் இளையவள் தயங்கித் தயங்கி, "அத்தை, கேக்கக் கூடாத நேரம். மந்திரிச்சதுல ஒரு கிள்ளு... பிள்ளைக்கு மூணு நாளாக் காய்ச்சல்," என்றாள்.

நோன்னா தெக்லா கொடுத்த துண்டை அப்படியே அவள் கையில் வைத்தாள், ஒட்டகத்தோடு, காதோடு. "முழுசும் எடுத்துக்க. ஒரு கிள்ளு மட்டும் அக்கா கோழிக்குக் குடு."

"அவருக்கு?" என்றாள் தெக்லா பதறி. "அவரு ஆசைப்பட்டது அதுதானேடி! கையில வைக்கலையா?"

"அவருக்கு இருக்கு."

"அந்தப் பாதி இன்னும் பெருசா இருக்கே அத்தை," என்றாள் மற்றவள், அரை ரொட்டியைப் பார்த்து. "அதுலயும் ஒரு..."

"இது குடுக்குற ரொட்டி இல்ல."

நோன்னா அரை ரொட்டியை அவர் வலது உள்ளங்கைக்குள் வைத்தாள். விறைத்த கட்டைவிரலைக் கொஞ்சம் கொஞ்சமாக வளைத்து ஒட்டகத்தின் மேல் கொண்டுவந்தாள். பள்ளத்தில் விரல் சரியாக உட்கார்ந்தது.

துணி இடுப்புக்கு ஏறி, வயிற்றைச் சுற்றி, நெஞ்சுக்கு வந்தது. கையையும் ரொட்டியையும் சேர்த்து மூடியது. கட்டைவிரலை மட்டும் கடைசிச் சுற்று வரைக்கும் அவள் மூட விடவில்லை.